வெட்டவெளியில் நிற்கும் அளவிகள்: கம்பியில்லாச் சென்சார் வலைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

காற்றையும் மழையையும் உஷ்ணத்தையும் அளந்து எழுதி வைக்கவேண்டும் என்ற விருப்பம் நமக்குப் புதியதன்று. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஸ்தாபிக்கப்பெற்ற வானாராய்ச்சி நிலையத்தின் புண்ணியத்தால், 1813 முதலான சென்னை மழைக்கணக்கு இன்று நம் கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு எத்துணை நம்பத்தக்கதாயினும், அது ஓரிடத்தின் கணக்கேயாகும். நுங்கம்பாக்கத்தில் கொட்டித் தீர்க்கும் மழை தாம்பரத்தில் தூறலோடு நின்றுவிடுவதையும், ஒரே மலையின் மேற்குச் சரிவு நனைந்து கிடக்கையில் கிழக்குச் சரிவு காய்ந்து கிடப்பதையும், ஒரு தோட்டத்தின் மேட்டு நிலமும் பள்ள நிலமும் ஒரே நாளில் வெவ்வேறு ஈரத்தோடு இருப்பதையும் நாம் அறிவோம். ஆகவே உயர்ந்த கருவி ஒன்றை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அது சொல்லும் செய்தியைச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பொருத்திப் பேசுவது வேறு வழியில்லாமையால் நேர்ந்த வழக்கமே தவிர, சாஸ்திரம் ஒப்பும் முறையன்று. சிறு அளவிகள் பலவற்றை ஒரு பிரதேசம் எங்கும் பரப்பி, அவை தாமே அளந்து, கம்பியின் உதவியின்றி ரேடியோ அலையில் ஓரிடத்துக்குச் செய்தி அனுப்பும்படி அமைப்பது இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்று எழுந்த யோசனை. அந்த யோசனை கால் நூற்றாண்டுக் காலத்தில் எவ்வளவு தூரம் நிறைவேறியிருக்கிறது, எங்கே இடறியிருக்கிறது என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

1990-களின் கடைசியில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிரிஸ் பிஸ்டர் என்ற பேராசிரியர், அளவி, ரேடியோ, கணக்கிடும் சிப், மின்கலம் ஆகிய அனைத்தையும் ஒரு கன மில்லிமீட்டருக்குள் அடக்கிவிடலாம் என்ற கருத்தை முன்வைத்து, அதற்குப் புத்திசாலித் தூசி என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையின் பொருளுதவியோடு வளர்ந்த இந்தக் கற்பனையில், விமானத்திலிருந்து தூவப்படும் அளவிகள் தரையில் விழுந்தவுடன் ஒன்றையொன்று கண்டுகொண்டு தாமே வலையாகப் பின்னிக்கொள்ளும். தூசி வரவில்லை, அதற்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவில், இரண்டு பென்சில் பாட்டரியில் ஓடும் பலகைகள் வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சுமந்து சென்று, கட்டி, பெயரிட்டு, இடம் குறித்து வைக்கவேண்டியிருந்தது. இன்றும் அப்படித்தான். வெளியிலே அமைத்த வலைகளின் சரித்திரத்தைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு ஒன்று தெளிவாகும்: ரேடியோவைப் பற்றியும் நிரலைப் பற்றியும் எழுதிக் குவிக்கப்பட்ட கட்டுரைகளுக்கும், வலை உயிரோடிருந்ததா செத்ததா என்ற விளைவுக்கும் உள்ள சம்பந்தம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. பெட்டி, இடம், அளவுத்திருத்தம், ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும் ஆள் ஆகிய நான்கையும் அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதே பெரும்பாலும் விளைவைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் பேர்பெற்றது, அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவில் 2002-ஆம் ஆண்டுக் கோடையில் நடந்த முயற்சி. லீச்சின் புயற்பறவை எனப்படும் சிறு கடற்பறவை அத்தீவின் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது. அடைகாக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் மனிதர் கையை விட்டுப் பார்த்தால், பறவை வளையையே கைவிட்டுப் போய்விடக்கூடும். பறவையை ஆராயப் போகிறவனே பறவையை விரட்டுகிறவனாக ஆகிவிடும் இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக, பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெல் ஆராய்ச்சிக் கூடமும் அட்லாண்டிக் கல்லூரியும் சேர்ந்து, அளவியும் ரேடியோவும் பாட்டரியும் சேர்ந்த 32 பலகைகளை, அதாவது கணுக்களை, வளைகளின் உள்ளேயும் வெளியேயும் வைத்தன. வளைக்குள் இருந்தவை அகச்சிவப்புக் கதிரின் மூலம் பறவை வீட்டிலிருக்கிறதா என்று பார்த்தன. வெளியே இருந்தவை உஷ்ணம், ஈரப்பதம், காற்றழுத்தம், வெளிச்சம் ஆகியவற்றை அளந்தன. தீவிலிருந்து விண்கோள் வழியாகச் செய்தி வெளியுலகுக்குச் சென்றது. உயிரினங்களைத் தொந்தரவு செய்யாமல் அவற்றின் வீட்டுச் செய்தியை நாள் முழுவதும் வாங்கலாம் என்பதை இந்த வலை மெய்ப்பித்துவிட்டபடியால், அடுத்த ஆண்டு அதைப் பல மடங்கு பெருக்கினார்கள்.

ஆனால் கிரேட் டக் தீவு சொல்லிக்கொடுத்த மிக அருமையான பாடம் பறவையைப் பற்றியதன்று. பலகைகளின் மேல் நீர்புகாத பாரிலீன் பூச்சு மெல்லியதாகப் பூசப்பட்டிருந்தது. ஆயினும் அளவிகளுக்குக் காற்று வேண்டியிருந்ததால், அவற்றை மூடமுடியவில்லை. கடற்காற்றும் மூடுபனியும் மழையும் அந்தத் திறந்த வாயின் வழியே புகுந்தன. ஈரப்பதம் நூறு சதவீதத்துக்கு மேல் என்றும், சில வேளை பூஜ்யத்துக்குக் கீழ் என்றும் எண்கள் வரத் தொடங்கின. அத்தகைய அசம்பாவித எண்களைத் தள்ளிவிடுவதே வழக்கம். ஆராய்ச்சியாளர்கள் தள்ளாமல் வைத்துப் பார்த்தபோது, எந்தக் கணு இப்படிப் பிதற்றுகிறதோ அது சில நாளில் பேச்சடங்கி மடிகிறது என்பதைக் கண்டார்கள். ஆகவே பிதற்றலே வியாதியின் அறிகுறி. வெட்டவெளியில் வலை அமைக்கிறவர் அளவுகளை மட்டுமன்றி, பாட்டரியின் மின்னழுத்தம், பெட்டிக்குள்ளிருக்கும் ஈரம், ஒவ்வொரு செய்தியின் ரேடியோ பலம் ஆகியவற்றையும் கூடவே அனுப்பச் செய்யவேண்டும் என்ற நியதி இங்கிருந்தே பிறந்தது.

இதே உண்மையைக் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில், 70 மீட்டர் உயரமுள்ள ஒரு ரெட்வுட் மரத்தின் மேல் 2004-இல் கட்டிய வலையும் வேறொரு விதத்தில் உரைத்தது. மரத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு ஒன்றாகக் கணுக்களைத் தொங்கவிட்டு, 44 நாள், ஐந்து நிமிஷத்துக்கொரு முறை, உஷ்ணமும் ஈரப்பதமும் ஒளியும் அளந்தார்கள். ஒரே மரத்தின் அடிக்கும் உச்சிக்கும் இடையே எத்தனை தட்பவெப்பங்கள் இருக்கின்றன, அவை காலையிலும் மாலையிலும் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதை அதுவரை யாரும் அவ்வளவு நெருக்கமாகக் கண்டதில்லை. ஆனால் எதிர்பார்த்த அளவுகளில் பாதிதான் கிட்டிற்று. கணுவின் பாட்டரி 2.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும், அது சொல்லும் உஷ்ணம் நம்பத்தகாததாகிவிட்டது. மின்னழுத்தத்தையும் உடன் எழுதி வைத்திருந்தபடியால்தான் பின்னர் பதரைத் தூற்றிவிட முடிந்தது. அந்த ஒரு பத்தி விவரம் இல்லாதிருந்தால், மரத்தின் உச்சியில் விசித்திரமான உஷ்ண அலை ஒன்று வீசியதாகக்கூட யாராவது எழுதியிருப்பார்கள்.

எக்வடார் நாட்டின் ரெவென்டடோர் எரிமலையில் 2005-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் நிறுவிய வலையின் தேவை இவற்றினின்றும் வேறுபட்டது. உஷ்ணம் ஐந்து நிமிஷத்துக்கொரு முறை போதும். பூமி அதிர்வோ நொடிக்கு நூறு அளவு வேண்டும். 16 கணுக்கள் மலைச்சரிவில் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக நின்று, 19 நாளில் 230 அதிர்வு நிகழ்ச்சிகளைப் பிடித்தன. அவ்வளவையும் ஓயாது அனுப்ப ரேடியோவுக்குச் சக்தி கிடையாது என்பதால், பல கணுக்கள் ஒரே சமயத்தில் அதிர்வை உணர்ந்தால் மட்டும் அந்த நேரத்துப் பதிவை அனுப்பும்படி அமைத்தார்கள். இங்கே சிக்கல் கடிகாரத்தில் வந்தது. நில அதிர்வு சாஸ்திரத்தில் எந்தக் கணுவுக்கு அலை முன்னே வந்தது, எதற்குப் பின்னே வந்தது என்பதே முழுச் செய்தி. கணுக்களின் கடிகாரங்களை ரேடியோ மூலம் ஒத்துக்கொள்ளச் செய்யும் முறை அவ்வப்போது பிசகி, நேரங்கள் தாறுமாறாகிவிட்டன. அந்தப் பிசகைப் பின்னால் கணக்கிட்டுச் சீர்செய்தார்கள்; சீர்செய்தது சரிதானா என்பதை, பக்கத்தில் ஜிபிஎஸ் கடிகாரத்தோடு தனியே நின்ற பழைய மாதிரிப் பதிவுக் கருவியோடு ஒப்பிட்டே தெரிந்துகொண்டார்கள். புதிய வலையைக் கட்டும்போது பழைய கருவியைக் கழற்றிவிடாதிருப்பது எத்துணை நன்மை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தோல்வியை மறைக்காமல் எழுதியவர்கள் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தினர். உருளைக்கிழங்கை அழிக்கும் பூஞ்சண நோய் இலையின் ஈரத்தையும் உஷ்ணத்தையும் பொறுத்து வருவதால், 2005-இல் ஒரு வயலில் சுமார் நூறு கணுக்களை வைத்து, நோய் வருமுன் அறியலாம் என்று முயன்றார்கள். கிடைத்திருக்கவேண்டிய செய்தியில் நூற்றுக்கு இரண்டே கிடைத்தது. தனித்தனியே சரியாக ஓடிய நிரல்களை ஒன்றாகச் சேர்த்து நெடுநாள் ஓட்டிப் பார்ப்பதற்குமுன் பயிர்ப் பருவம் வந்துவிட்டது. விதைப்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அவர்கள் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பிடும்போதே, கெடக்கூடியது கெட்டே தீரும் என்ற மர்பியின் விதியை உருளைக்கிழங்கோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வெற்றிக் கட்டுரைகள் பத்தைப் படிப்பதினும் அந்த ஒரு கட்டுரையைப் படிப்பது வலை அமைக்கப் போகிறவருக்கு அதிகப் பிரயோஜனம் தரும் என்பது என் அபிப்பிராயம்.

இனி ரேடியோவைக் கவனிப்போம். ஆரம்ப காலத்து வலைகள் பெரும்பாலும், ஒரு கணு தன் செய்தியை அடுத்த கணுவிடம் கொடுத்து, அது அதற்கடுத்ததிடம் கொடுக்கும் அஞ்சல் முறையில் அமைந்தவை. குறைந்த சக்தியில் நீண்ட தூரம் போக இது நல்ல உபாயந்தான். ஆனால் மற்றவர் செய்தியைக் கேட்பதற்காக ஒவ்வொரு கணுவும் அடிக்கடி விழித்திருக்கவேண்டும், நடுவிலுள்ள ஒன்று மடிந்தால் அதற்கப்பாலுள்ளவை அநாதையாகும். பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஒரு சிறு கம்பெனியில் பிறந்து, 2012-இல் செம்டெக் என்ற அமெரிக்க சிப் கம்பெனியின் கைக்கு மாறிய லோரா முறை இந்தச் சிக்கலை அறுத்தது. செய்தியை மிக மெதுவாக, அலைவரிசையில் பரப்பி அனுப்புவதால், இரைச்சலுக்கும் கீழே தாழ்ந்துபோன அலையையும், செய்திகளை வாங்கித் திரட்டும் கேட்வே பிரித்தறிந்துவிடுகிறது. கணுக்கள் ஒன்றோடொன்று பேசவேண்டியதில்லை, எல்லாம் உயரத்தில் நிற்கும் ஒரே கேட்வேயோடு நேரே பேசுகின்றன. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைக்கு 2005-இலிருந்தே உரிமம் வேண்டியதில்லை. 2021-இல் அது 868 வரை நீட்டப்பட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 866 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். ஈரமான இலைகள் குட்டையான அலையை அதிகம் விழுங்குவதால், தோப்பிலும் காட்டிலும் வலை கட்டுகிறவர் பின்னதையே நாடுவது நியாயம்.

ஆயினும் லோராவின் விளம்பரத்தில் காணும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்ற எண்ணை நம்பிக் களத்தில் இறங்குகிறவர் ஏமாறுவார். ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் ஒரு கோட்டில் செல்வதில்லை. இரண்டு ஆண்டெனாக்களுக்கும் நடுவே பருத்த ஒரு வெளியை அது வேண்டுகிறது. 866 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த வெளியின் ஆரம் நடுவழியில் சுமார் 13 மீட்டர். அதில் பெரும்பகுதி மரக்கிளையோ மண்மேடோ இன்றித் திறந்திருக்கவேண்டும் என்றால், தரையில் முழங்கால் உயரத்தில் நட்ட கணு ஏன் கால் மைலில் ஊமையாகிறது என்பதும், கேட்வேயை நீர்த்தொட்டியின் உச்சியிலோ பாறைமுகட்டிலோ ஏற்றியவர் ஏன் நிம்மதியாக இருக்கிறார் என்பதும் விளங்கும். கோடையில் அளந்து பார்த்துத் திருப்தியடைந்து, மழைக்காலத்தில் இலை தழைத்தபின் திகைப்பவர் பலர். நார்வேயின் பிரிக்ஸ்டால் பனியாற்றில் சௌதாம்டன் பல்கலைக்கழகத்தினர் 2003-இல் ஆழ்துளையிட்டு இறக்கிய அளவிகளுக்கு இதே தொல்லை தலைகீழாக வந்தது: குளிர்காலத்து உறைபனியின் ஊடே ரேடியோ நன்றாகச் சென்றது, கோடையில் பனி உருகி நீராகியதும் அலை சிதறிப்போயிற்று. எனவே, எந்தப் பருவம் மிகக் கொடியதோ அந்தப் பருவத்தில் பரீட்சித்துப் பார்த்த தூரமே தூரம்.

லோராவுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. கணுக்கள் தமக்குத் தோன்றிய நேரத்தில் பேசுகின்றன. ஹவாய்த் தீவுகளை இணைப்பதற்காக நார்மன் ஆபிரம்சன் வகுத்து, 1971-இல் இயங்கத் தொடங்கிய அலோஹா முறையின் சந்ததி அது. கணக்குப்படி, அத்தகைய முறையில் பாதையின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்கு மேல் பயனாகாது. அதைத் தாண்டினால் செய்திகள் ஒன்றோடொன்று மோதி மடியும். எல்லாக் கணுக்களையும் சரியாக மணியடிக்கும் நேரத்தில் அனுப்பச் சொல்லுவது வலிய மோதலை அழைப்பதாகும். ஒவ்வொன்றும் சில நொடி முன்பின்னாகப் பேசட்டும் என்று விடுவதே அறிவுடைமை. பிறருடைய வலையைச் சந்தா கட்டி உபயோகிப்பவர்களுக்குச் சிக்ஃபாக்ஸ் கதையும் நினைவிருக்கட்டும்: உலகெங்கும் தன் வலையை விரித்துக்கொண்டிருந்த அந்தப் பிரெஞ்சுக் கம்பெனி 2022 ஜனவரியில் கடனில் மூழ்கி, சில மாதங்களில் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறிற்று. பத்தாண்டு அளக்க எண்ணுகிறவர், பத்தாண்டு நிற்கக்கூடிய வழியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளுதல் நலம்.

பாட்டரிக் கணக்கு பலரையும் மயக்கும் இடம். உறக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் குடிக்கும் கணு ஒன்று, கால்மணிக்கொரு முறை விழித்து, இரண்டு நொடி 10 மில்லி ஆம்பியரில் அளந்து, பின்பு 40 மில்லி ஆம்பியரில் இருபது பைட்டுச் செய்தியை அனுப்புகிறது என்று கொள்வோம். கேட்வே அருகிலிருந்தால் லோராவின் வேகமான படியில் அந்தச் செய்திக்கு 0.07 நொடி போதும். சராசரிச் செலவு 35 மைக்ரோ ஆம்பியர். 2400 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட ஒரு லித்தியம் கலத்தில் காகிதத்தின்படி ஏழரை ஆண்டுக்கு மேல் ஓடும். அதே கணுவை மரத்துக்குப் பின்னால், கேட்வேக்குத் தொலைவில் வைத்தால், மிக மெதுவான படிக்கு இறங்கி அதே செய்தியைச் சொல்ல 1.8 நொடி பிடிக்கும். சராசரிச் செலவு 112 மைக்ரோ ஆம்பியராக ஏறி, ஆயுள் இரண்டரை ஆண்டுக்கும் குறைந்துவிடும். பாட்டரி ஒன்றே, பலகை ஒன்றே. வைத்த இடம் ஒன்றுதான் ஆயுளை மூன்றிலொரு பங்காக்கிற்று. காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் லேசர் அளவிகளுக்கோ உள்ளே சிறு விசிறி சுழலவேண்டியிருப்பதால், அவற்றுக்கு இந்தக் கணக்கே செல்லாது. சோலார் பலகையும் மறுபடி ஏற்றும் கலமும் தேவை. சோலார் பலகை என்றவுடன் காக்கை எச்சமும் புழுதியும், வடகிழக்குப் பருவத்தில் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும் வானமும், வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் வேகும் கலமும் கூடவே வந்து சேரும்.

அளவியை எப்படி வைப்பது என்பதில்தான் நூற்றாண்டு காலத்து வானிலை சாஸ்திரம் நமக்குக் கைகொடுக்கிறது. அதைப் புதியவர்கள் அலட்சியம் செய்வது ஆச்சரியமாயிருக்கிறது. கலங்கரை விளக்கங்கள் கட்டிய எஞ்சினியரும், நாவலாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தந்தையுமான தாமஸ் ஸ்டீவன்சன், 1864-இல் வகுத்த வெள்ளை மரச்சட்டப் பெட்டியின் நோக்கம் ஒன்றே: உஷ்ணமானி காற்றின் உஷ்ணத்தைச் சொல்லவேண்டும், தன்மேல் விழும் வெயிலின் உஷ்ணத்தைச் சொல்லலாகாது. உலக வானிலை ஸ்தாபனம் அதைத் தரையிலிருந்து 1.25 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில், செயற்கைச் சூட்டுக்கு அப்பால் வைக்கச் சொல்லுகிறது. பத்தில் ஒரு டிகிரி நுட்பம் வாய்ந்த சென்சாரை வாங்கிச் சாம்பல்நிற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, மொட்டை மாடிச் சுவரில் ஆணியடித்து மாட்டினால், அது பல டிகிரி பிழையை மிக நுட்பமாக அளந்து தரும். தட்டுத்தட்டாக அடுக்கிய வெண்ணிறக் காற்றோட்டக் கவசத்தின் விலை, சென்சாரின் விலையைவிடக் கூடுதலாயிருப்பதைக் கண்டு பட்ஜெட் போடுகிறவர் முதலில் வெட்டுவது அந்தக் கவசத்தைத்தான்.

மழைமானியிலும் இப்படியே. துலாம்போல் இரண்டு சிறு கிண்ணங்கள் மாறிமாறிக் கவிழ்ந்து எண்ணும் முறை பதினேழாம் நூற்றாண்டில் கிறிஸ்டோபர் ரென் காலத்திலேயே தோன்றியது. ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மில்லிமீட்டர் என்று எண்ணுவது இன்றைய வழக்கம். கம்பியில்லா வலைக்கு இது மிகப் பொருத்தமானது, ஏனென்றால் மழையில்லாதபோது மின்சாரமே வேண்டியதில்லை. ஆனால் கொட்டும் மழையில் கிண்ணம் கவிழும் கணத்தில் விழும் நீர் எண்ணிக்கைக்குத் தப்பிவிடுவதால், எந்த மழைக்காக வலை கட்டினோமோ அந்தப் பெருமழையிலேயே அது குறைத்துச் சொல்லும். புனலின் வாயில் ஒரு வேப்பிலை அடைத்துக்கொண்டாலோ, உள்ளே எறும்பு புற்று வைத்தாலோ, நாள் முழுவதும் பூஜ்யம் வரும். பூஜ்யம் என்பது மழையில்லை என்பதற்கும் அடைப்பு என்பதற்கும் ஒரே எண். அண்டைக் கணுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

மண்ணின் ஈரத்தை அளப்பது மற்றெல்லாவற்றிலும் கடினம். நீரின் மின்கடவாத் தன்மை 80 என்றும், உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை என்றும் உள்ள பெரும் வேறுபாட்டைக் கொண்டே அந்த அளவிகள் வேலை செய்கின்றன. மணலில் நன்றாகவே செய்கின்றன. நம் கரிசல் பூமியிலோ, காயும்போது மண் பிளந்து அளவியை விட்டு விலகி நிற்க, நடுவிலுள்ள காற்றை அது வறட்சி என்று கணித்துவிடும். உவர் ஏறிய நிலத்தில் உப்பையும் ஈரமாக எண்ணிக்கொள்ளும். அந்தந்த மண்ணை எடுத்து, உலர்த்தி, நிறுத்து, அளவியைத் திருத்திக்கொள்ளாமல், தயாரிப்பாளர் கொடுத்த சூத்திரத்தை அப்படியே பிரயோகிப்பதில் அர்த்தமில்லை.

அளவுத்திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதை மலிவான துகள் அளவிகள் எல்லோருக்கும் உணர்த்தின. 2015-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் குடிமக்களே வீட்டு ஜன்னலில் மாட்டிக்கொள்ளும் அளவிகளாகத் தொடங்கிய வலை, பல நாடுகளுக்குப் பரவிற்று. இவ்வகை அளவிகள் லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டு துகளைக் கணிக்கின்றன. ஈரம் மிகுந்த காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதால், பனிமூட்டக் காலையில் மாசு மிக அதிகம் என்று சொல்லிவிடுகின்றன. ஆனால் அதற்காக இவற்றை ஒதுக்கிவிடவேண்டியதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், இத்தகைய அளவிகளைத் தன் உயர்ந்த நிலையங்களின் பக்கத்திலேயே நிறுத்தி ஒப்பிட்டு, ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்த்த ஒரு திருத்தச் சூத்திரத்தை உண்டாக்கி, காட்டுத்தீப் புகை வரைபடத்தில் அவற்றின் எண்களை உபயோகிக்கிறது. எனவே வலை கட்டுகிறவர் முதற்காரியமாக, எல்லாக் கணுக்களையும் ஒரே இடத்தில், முடிந்தால் அரசாங்க நிலையமொன்றின் அருகில், சில வாரம் ஒன்றாக நிறுத்தி, எது எவ்வளவு கூட்டியும் குறைத்தும் சொல்லுகிறது என்று எழுதிக்கொண்டபிறகே பிரித்தனுப்பவேண்டும். கணுக்களிடையே காணும் வித்தியாசம் இடத்தின் வித்தியாசமா, கருவியின் வித்தியாசமா என்ற வழக்கை அந்த ஏடு ஒன்றே தீர்க்கும். ஐம்பது கணுக்களைத் திருத்தாமல் பரப்புவதைவிடப் பத்தைத் திருத்திப் பரப்புவதே மேல் என்பேன்.

நெடுநாள் நின்ற வலைகளும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. 2003-ஆம் ஆண்டின் கடும் கோடையில் ஸ்விட்சர்லாந்தின் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்து, உடைந்த இடத்தில் பனிக்கட்டி வெளியே தெரிந்தது. பாறையைப் பிணைத்திருந்த பனி உருகுவதே காரணமோ என்ற கேள்வி எழுந்தது. 2008-இல் சுமார் 3500 மீட்டர் உயரத்தில் அமைத்த வலை, பாறை வெடிப்புகளின் அசைவையும் உஷ்ணத்தையும் பத்தாண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தது. 2008 முதல் 2018 வரையிலான கணக்கு எல்லோர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டிருக்கிறது. மின்னலும் பனியும் பாறைவீழ்ச்சியும் நிறைந்த அவ்விடத்தில் அது நிலைத்ததற்கு, கட்டியவர்களே ஆண்டுதோறும் மலையேறிச் சென்று பழுது பார்த்தது ஒரு முக்கிய காரணம்.

நமக்கு மிக அருகிலுள்ள உதாரணம் மூணாறு. இடுக்கி மாவட்டத்தின் அந்தோணியார் காலனி என்ற சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தினர், மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய குழாய்களில் நீரழுத்தத்தையும் மண்ணின் சாய்வையும் அசைவையும் அளக்கும் கருவிகளைப் பொருத்திக் கம்பியில்லா வலையாக இணைத்தார்கள். 2009 ஜூலைப் பருவமழையில் மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறுவதைக் கண்டு அங்குள்ள மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். மழையை மட்டும் அளந்து பயமுறுத்துவதற்கும், மண்ணுக்குள் நடப்பதை அறிந்து சொல்லுவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த வலை காட்டிற்று. ஆனால் அது காத்தது ஒரு சரிவை. 2020 ஆகஸ்டில், அதே மூணாறுப் பக்கத்துப் பெட்டிமுடியில், இரவு வேளையில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை மூடியது. மாண்டவர் எழுபது பேர்வரை, பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைபேசியும் செயலற்றிருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்தகைய சரிவுகள் எத்தனையோ இருக்க, ஒவ்வொன்றிலும் ஆழ்துளைக் கருவிகளை இறக்குவதற்குப் பணமும் ஆளும் இல்லை என்பதே இந்தத் துறையின் நெருக்கடி.

வயநாட்டில் கல்பற்றாவிலுள்ள ஹியூம் உயிர்ச்சூழல் மையம் கையாண்ட முறை இதற்கு எதிர்த்திசையில் செல்வது. மாவட்டமெங்கும் 200-க்கு மேற்பட்ட இடங்களில் மழைமானிகளை வைத்து, தோட்டக்காரர், உழவர் முதலானோர் அளந்து சொல்லும் எண்களைத் தினந்தோறும் திரட்டுகிறார்கள். 2024 ஜூலை 30-ஆம் தேதி விடியுமுன் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் நிலச்சரிவுப் பேரிடர் நேர்ந்ததற்கு முதல்நாளே, அந்த எண்களைக் கொண்டு அபாயம் இருப்பதாக அதிகாரிகளுக்குத் தெரிவித்ததாக மையத்தார் கூறினர். மழைமானியை அன்றாடம் கையால் தொடும் ஒருவர் இருப்பதால், புனலை அடைக்கும் இலை ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை. அவர் உறங்கும் நடுநிசியில் மணிக்கு எவ்வளவு பெய்தது என்பதோ அவருக்குத் தெரியாது. தானியங்கும் கணுவுக்கு நடுநிசி தெரியும், இலை தெரியாது. இரண்டு முறைகளையும் எதிரெதிராக நிறுத்தி வாதிடுவோர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மழை படிக்கும் ஆள் உள்ள தோட்டத்திலேயே தானியங்கும் கணுவையும் நட்டு, அதைத் துடைப்பதற்கும் பாட்டரி மாற்றுவதற்கும் அவருக்கே மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, அந்தச் சம்பளத்தைக் கருவி வாங்கும் முதலாண்டுச் செலவில் அல்லாமல் ஐந்தாண்டுச் செலவில் எழுதி, இருவரும் சொல்லும் எண்களை ஒரே பட்டியலில் பக்கம் பக்கமாக வைத்து வருவதற்கு, இன்று சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகளே போதுமானவை.